கேப்டன் நீமோ: பழிவாங்கும் இளவரசர்

கேப்டன் நீமோ, பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் (1828–1905) படைத்த அறிவியல் புனைகதைப் பாத்திரம். 1869–70 ஆண்டுகளில் தொடராக வெளிவந்த 'கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்குகள்' நாவலின் மையப் பாத்திரம் இவரே. நீர்மூழ்கிக் கப்பலின் சாகசக் கதையாக அறியப்படும் இந்நாவல், அடிப்படையில் ஒரு பழிவாங்கல் கதையாகும். பழிவாங்குபவர் ஓர் இந்தியர் என்பது பின்னர் வந்த 'மர்மத் தீவு' (1875) நாவலில்தான் தெரியவருகிறது.

கதை

1866 முதல் கப்பல்களை அச்சுறுத்தும் கடல் விலங்கைத் தேடிச் செல்லும் பேராசிரியர் அரோனாக்ஸ், உதவியாளர் கோன்செய், திமிங்கில வேட்டைக்காரர் நெட் லேண்ட் ஆகியோர் நீமோவின் கைதிகளாகின்றனர். விலங்கு எனக் கருதப்பட்டது, மின்சாரத்தால் இயங்கும் 'நாட்டிலஸ்' என்ற நீர்மூழ்கிக் கப்பல். 'நீமோ' என்ற லத்தீன் சொல்லுக்கு 'யாருமில்லை' என்பது பொருள். கதையின் இறுதிப் பகுதியில் கொடியற்ற போர்க்கப்பல் ஒன்றை நீமோ மூழ்கடிக்கிறார். பின்னர் தன் அறையில் ஒரு பெண்ணும் இரு குழந்தைகளும் உள்ள படத்தின் முன் மண்டியிட்டு அழுகிறார்.

மன்னார் வளைகுடா

நீமோ யார் என்பதற்கான முக்கியக் குறிப்பு இலங்கைக் கடலில் கிடைக்கிறது. முத்துக்குளிக்கும் ஏழை ஒருவரைச் சுறா தாக்கும்போது, நீமோ கத்தியுடன் பாய்ந்து காக்கிறார். ஒரு பை முத்துக்களையும் அவருக்குக் கொடுக்கிறார். ஒடுக்கப்பட்ட நாட்டைச் சேர்ந்த அம்மனிதரின் பக்கமே தானும் நிற்பதாக அரோனாக்ஸிடம் கூறுகிறார். மன்னார் வளைகுடாவில் தமிழ்ப் பரதவர்கள் தலைமுறைகளாக முத்துக்குளித்து வந்தனர்.

போலந்துக்காரர் இந்தியரானது

வெர்ன் முதலில் நீமோவைப் போலந்துக்காரராகவே எண்ணியிருந்தார். 1863ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை ரஷ்யா ஒடுக்கியபோது குடும்பத்தை இழந்தவர் என்பது அவர் வகுத்த பின்னணி. பதிப்பாளர் ஹெட்செல் இதை ஏற்கவில்லை; ரஷ்ய வாசகர்களை இழக்க அவர் விரும்பவில்லை. எனவே நீமோவின் நாடும், மூழ்கடிக்கப்பட்ட கப்பலின் நாடும் பெயரின்றி விடப்பட்டன.

'மர்மத் தீவு' நாவலில் நீமோவின் உண்மைப் பெயர் தாக்கர். அவர் புந்தேல்கண்ட் அரசரின் மகன். திப்பு சுல்தானின் உறவினர். ஐரோப்பாவில் கல்வி கற்று நாடு திரும்பி, 1857 கிளர்ச்சியில் போரிட்டுக் குடும்பத்தை இழந்தவர்.

மொழிபெயர்ப்பில் இழந்தவை

1870களில் வெளியான முதல் ஆங்கில மொழிபெயர்ப்பில் 'இருபதாயிரம் லீக்குகள்' நாவலின் ஏறத்தாழ கால் பங்கு நீக்கப்பட்டது. 'மர்மத் தீவின்' ஆங்கிலப் பதிப்பில் பிரிட்டிஷ் ஆட்சி மீதான கண்டனம் மாற்றி எழுதப்பட்டது. இப்பதிப்புகள் வழியாக நாவலை அறிந்தவர்களுக்கு நீமோவின் கோபத்துக்கான காரணம் முழுமையாகக் கிடைக்கவில்லை. திரையிலும் நீமோ பெரும்பாலும் ஐரோப்பியராகவே காட்டப்பட்டார்; 2003இல் ஹாலிவுட் படமொன்றில் நசிருதீன் ஷா இப்பாத்திரத்தை ஏற்று நடித்தார்.

மதிப்பீடு

இறக்கும் தறுவாயில் நீமோ, தான் செய்தது சரியா தவறா என்று பொறியாளர் சைரஸ் ஸ்மித்திடம் கேட்கிறார். கடந்த காலத்தை மீட்க முயன்றதும், தவிர்க்க முடியாத முன்னேற்றத்தை எதிர்த்ததுமே பிழை என்பது ஸ்மித்தின் பதில். குடியேற்ற ஆட்சியை 'முன்னேற்றம்' எனக் கருதிய பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பார்வை அதில் வெளிப்படுகிறது. தன் காலத்தின் மிகச் சிறந்த இயந்திரத்தை ஓர் இந்தியரின் கையில் கொடுத்த வெர்ன், அவரை மதிப்பிடும் உரிமையை ஓர் அமெரிக்கரிடம் விட்டுவிட்டார். கொடியற்ற கப்பலில் இறந்தவர்களுக்கும் அக்கொடுமைக்கும் என்ன தொடர்பு என்ற அரோனாக்ஸின் கலக்கத்துக்கு இரு நாவல்களிலும் விடை இல்லை.