பப்பாளியில் ஒட்டிய பஞ்சு: வணிகர்களாகிய நாம் கற்ற பாடம்

தைப்பூசமும் வைகாசி விசாகமும் வந்துவிட்டால் விராலிமலைக் கடைவீதியில் பழக்கடைகளுக்கு ஓய்வு கிடையாது. வாழைப்பழம் பூசைத் தட்டுக்குப் போகும். கொய்யாவும் பப்பாளியும் மலையேறி இறங்கும் பக்தர்களின் களைப்பைத் தீர்க்கும். அப்படிப்பட்ட நாட்களில் ஒரு கூடை சரக்கு கெட்டுப்போனாலும் அந்த நாளின் லாபம் அதோடு போயிற்று என்பது சிறு வணிகர்களாகிய நமக்குத் தெரியாததல்ல.

2009, 2010-ஆம் ஆண்டுகளில் பப்பாளி விற்றவர்களுக்கு ஒரு காட்சி மறந்திருக்காது. மண்டியிலிருந்து வந்த கூடையைப் பிரித்தால், பழத்தின் காம்பைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு அப்பிக் கிடக்கும். தொட்டால் கை பிசுபிசுக்கும். சில பழங்களில் கரி பூசியது போலக் கறுப்பும் படிந்திருக்கும். வாங்க வந்தவர்கள் "என்னண்ணே இது, மருந்துத் தூளா?" என்று கேட்பார்கள். "மருந்து இல்லம்மா, பூச்சி" என்று உண்மையைச் சொன்னால் பழத்தைக் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுவார்கள். சொல்லாமல் துடைத்து விற்றாலோ நமக்கே மனம் உறுத்தும். மண்டியில் கேட்டால், எடுத்த சரக்கு எடுத்ததுதான் என்பார்கள். நட்டம் கடைசியில் நம் தலையில்தான் விடிந்தது.

அந்தப் பஞ்சு என்ன, அது எப்படி வந்தது, எப்படி அடங்கியது என்பதை நாம் தெரிந்துகொள்வது அவசியம். ஏனெனில், அது ஊர்விட்டு ஊர் பரவியதில் நம் கூடைக்கும் பங்கு உண்டு.

சாற்றை உறிஞ்சும் பூச்சி

இதன் பெயர் பப்பாளி மாவுப்பூச்சி. இலையைக் கடித்துத் தின்னும் புழுக்களைப் போன்றதன்று இது. ஊசி போன்ற வாயைச் செடிக்குள் செருகிச் சாற்றை உறிஞ்சும் இனத்தைச் சேர்ந்தது. மாமரத்துத் தத்துப்பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ எல்லாம் இதற்கு உறவுக்காரர்கள். உறிஞ்சிய சாற்றில் மிஞ்சிய இனிப்பைக் கழிவாக வெளியேற்றும். பிசுபிசுப்பு அதனால் வருவது. அந்த இனிப்பில் வளரும் பூசணம்தான் கறுப்பு. அதைத் தின்ன வரும் எறும்புகள், பதிலுக்குப் பூச்சிக்குக் காவல் நிற்கும்.

பெண் பூச்சிக்கு இறக்கை கிடையாது. ஆனால் ஒரு பூச்சி நூற்றுக்கணக்கான முட்டைகளைப் பஞ்சுப் பைக்குள் இடும். உடல் முழுவதும் மெழுகுப் பூச்சு. அதனால் மருந்து அடித்தாலும் உள்ளே எளிதில் இறங்காது. விவசாயிகள் மாற்றி மாற்றி மருந்து அடித்துப் பார்த்தார்கள். பணம் கரைந்தது, பூச்சி திரும்பத் திரும்ப வந்தது. பல தோட்டங்களில் மரத்தையே வெட்டினார்கள்.

எங்கோ பிறந்தது

இதன் தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். அங்கே இது பெரிய தொல்லை அல்ல; இதைத் தின்னும் எதிரிகள் அங்கேயே உண்டு. எதிரிகள் இல்லாத நாடுகளுக்குப் போன பிறகுதான் ஆட்டம் போட்டது. 1990-களில் கரீபியன் தீவுகளில் பரவி, 1998-இல் அமெரிக்காவின் புளோரிடாவை எட்டியது. 2008 ஜூலையில் நம் கோவையில் கண்டறியப்பட்டது. இலங்கையிலும் அதே ஆண்டில்தான் காணப்பட்டது.

பப்பாளியோடு நிற்கவில்லை. மரவள்ளி, மல்பெரி, பருத்தி, தேக்கு, செம்பருத்தி என்று அறுபதுக்கும் மேற்பட்ட செடிகளில் ஏறியது. கேட்பாரற்று வளரும் பார்த்தீனியம் இதற்கு இலவசத் தங்குமிடம் ஆயிற்று. பட்டுக்கூடு விவசாயியும், ஜவ்வரிசி ஆலைக்குக் கிழங்கு தரும் விவசாயியும், பப்பைன் எடுக்கப் பப்பாளிப் பால் இறக்குபவரும் ஒன்றாகக் கலங்கினார்கள்.

இறக்கையில்லாத பூச்சி இத்தனை வேகமாக எப்படிப் பரவியது? பொரித்த குஞ்சு சிறிது தூரம் ஊரும். காற்று கொஞ்சம் கொண்டுபோகும். நெடுந்தூரம் போவதற்குப் பழமும் நாற்றும் வண்டியும் வேண்டும். பழத்தைச் சுற்றிய பழைய செய்தித்தாள், கூடையில் பரப்பிய வைக்கோல், கழுவாத கிரேட் ஆகியவற்றில் முட்டைப் பை ஒட்டிக்கொண்டால் போதும். அந்த நாட்களில் விற்காத பழத்தைக் கடைக்குப் பின்னால் கொட்டியவர்கள் நம்மிலும் உண்டு. அருகிலேயே செடி கொடி இருந்தால் அங்கே குடியேற அதற்கு வேறென்ன வேண்டும்? அறியாமல் செய்த தவறுதான். ஆனாலும் தவறு தவறுதானே.

கடுகினும் சிறிய காவல்காரன்

விடிவு மருந்துக் கடையிலிருந்து வரவில்லை. அமெரிக்க வேளாண்மைத் துறையின் உதவியுடன், 2010 ஜூலையில் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் பெங்களூரில் உள்ள மத்திய அரசின் பூச்சி ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வரவழைக்கப்பட்டன. அவற்றில் சிறப்பாக வேலை செய்தது அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவி. ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத இது மனிதரைக் கொட்டாது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். பொரித்த புழு உள்ளிருந்தே பூச்சியைத் தின்று தீர்க்கும். பூச்சி வெறும் கூடாகிவிட, அதிலிருந்து அடுத்த குளவி பறந்து வரும்.

சோதனைகள் முடிந்து 2010 அக்டோபரில் தமிழ்நாட்டுத் தோட்டங்களில் இவை விடப்பட்டன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பெருமளவில் வளர்த்து விவசாயிகளுக்கு வழங்கியது. கூடவே ஒரு நிபந்தனை: மருந்து அடிக்கக் கூடாது. அடித்தால் குளவியும் செத்துவிடும். பொறுத்திருந்தவர்களுக்குப் பலன் கிடைத்தது. 2011-லேயே பப்பாளித் தோட்டங்கள் தேறின. இந்தக் குளவியால் ஐந்தாண்டுகளில் இந்தியாவுக்குக் கிடைத்த நன்மை 50 கோடி டாலருக்குக் குறையாது என்று 2014-இல் வெளியான ஆய்வுக் கணக்கு ஒன்று சொல்கிறது.

மளிகைக் கடைக்கும் இது சங்கதிதான்

பழம் விற்காத நமக்கென்ன என்று மளிகை வணிகர்கள் இருந்துவிட முடியாது. 2020-இல் மரவள்ளி மாவுப்பூச்சி என்ற வேறொரு இனம் கேரளத்தில் தென்பட்டு, பின்னர் சேலம், நாமக்கல் வட்டாரங்களில் மரவள்ளியைத் தாக்கியது. கிழங்கு குறைந்தால் ஜவ்வரிசி விலை எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. அதற்கும் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து 2021-இல் ஒரு குளவி வரவழைக்கப்பட்டு, 2022-இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிடப்பட்டது. செடியில் அமரும் பூச்சி நம் தராசிலும் அமர்கிறது என்பதே இதன் பொருள்.

நாம் செய்ய வேண்டியவை

சரக்கு இறங்கும்போதே இரண்டொரு கூடையைப் பிரித்துக் காம்புப் பக்கம் பார்த்து வாங்குவோம். பஞ்சு அதிகம் இருந்தால் அங்கேயே சொல்லித் திருப்புவதுதான் முறை. கடைக்குக் கொண்டுவந்த பின் பேசிப் பயனில்லை.

பழம் சுற்றி வந்த தாளையும் வைக்கோலையும் மறுபடி பயன்படுத்த வேண்டாம். கிரேட்டுகளைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைப்போம். கழித்த பழத்தைக் குழிதோண்டிப் போட்டு மண் மூடுவோம்.

லேசாக ஒட்டியிருந்தால் ஈரத்துணியால் துடைத்து, கழுவி, தோல் சீவிச் சாப்பிடலாம். இந்தப் பூச்சி மனிதருக்கு நஞ்சு அல்ல. அதை வாடிக்கையாளரிடம் வெளிப்படையாகச் சொல்லி, விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் அவர் மறுபடியும் நம் கடைக்கே வருவார்.

எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்று உண்டு. ஒரு புள்ளிகூட இல்லாத பழம்தான் வேண்டும் என்று நாம் அடம்பிடித்தால், அறுவடைக்கு முதல்நாள்கூட மருந்து அடித்துத் தரும் நிலைக்கு விவசாயியைத் தள்ளுகிறோம். துடைத்தால் போகும் பூச்சியைவிட, துடைத்தாலும் போகாத மருந்து மோசம். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டப்படி மருந்து எச்சத்துக்கு வரம்பு உண்டு. கேள்வி வந்தால், பழம் எங்கிருந்து வந்தது என்று காட்ட நம்மிடம் பில் இருக்க வேண்டும். பில் இல்லாச் சரக்கு வேண்டாம்.

வழக்கத்தில் இல்லாத வெள்ளைப் பூச்சி சரக்கில் தென்பட்டால், தோட்டக்கலைத் துறை அலுவலகத்துக்கோ வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ தகவல் தருவோம். தோட்டத்துக்குள் ஒரு தோட்டத்தைத்தான் விவசாயி பார்க்கிறார். பல ஊர்ச் சரக்கை ஒரே நாளில் பார்ப்பவர்கள் நாம். புதிதாக வரும் பூச்சியை முதலில் கண்டுகொள்ளும் வாய்ப்பு நம் கடைவீதிக்கு உண்டு. அதைப் பயன்படுத்துவது விவசாயிக்குச் செய்யும் உதவி மட்டுமல்ல, நம் முதலுக்கு நாமே போடும் வேலியும் ஆகும்.