ஒலி வடிப்பானை நாமே கட்டுதல்

மாணவர் பேச்சைப் பதிவு செய்து கேட்ட ஆசிரியர்கள் ஒரு தொல்லையை அறிவர். குரலுக்கு அடியில் ஓயாத முனகல் ஒன்று கேட்கும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வீட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சி உடையது. பதிவுக் கருவியின் கம்பி வழியே அது ஒலியினுள் புகுந்துவிடுகிறது. இத்தகையவற்றைப் பிரிப்பதே ஒலி வடிப்பானின் வேலை. பொத்தானை அழுத்தி வடிப்போர் பலர். அது உள்ளே என்ன செய்கிறது என அறிய விழைவோர் தம் கையாலேயே ஒன்றைக் கட்டிப் பார்த்தல் வேண்டும்.

இதற்கு ஏற்ற மென்பொருள் ‘பியூர் டேட்டா’. மில்லர் பக்கெட் என்பார் 1980-களில் பாரிஸ் நகரின் இர்க்காம் நிலையத்தில் ‘மாக்ஸ்’ என்னும் மென்பொருளை ஆக்கினார். அதன் வழியில் 1996-இல் அவரே வெளியிட்டது இது. விலையின்றிக் கிடைக்கிறது. இதில் கட்டளைகளை வரிவரியாக எழுதுவதில்லை. திரையில் பெட்டிகளை வைத்துக் கோடுகளால் இணைக்கிறோம். அக்கோடுகளின் வழியே ஒலி, வழக்கமாக நொடிக்கு 44,100 எண்களாக ஓடுகிறது.

முதலில் மிக எளிய வடிப்பானைக் காண்போம். ஒவ்வோர் எண்ணையும் அதற்கு முந்திய எண்ணோடு கூட்டி இரண்டால் வகுத்துக்கொள்க. மெல்ல மாறும் தாழ்ந்த ஒலியில் அடுத்தடுத்த எண்கள் ஏறக்குறைய ஒன்றே. சராசரி அவற்றைத் தொடாது. விரைந்து மாறும் உயர்ந்த ஒலியிலோ ஒன்று மேலும் ஒன்று கீழுமாய் நின்று ஒன்றையொன்று அழிக்கும். கொள்கை இனிது, ஆனால் பேச்சைச் செலுத்திப் பாருங்கள், மாறுதல் ஏதும் தெரியாது! நொடிக்கு 11,025 அதிர்விற்கூட ஆற்றல் பாதியாகத்தான் குறைகிறது. பேச்சின் பெரும்பகுதி அதற்கும் கீழே உள்ளது.

வன்மை வேண்டுமாயின் வடிப்பானுக்கு நினைவு வேண்டும். சற்றுமுன் வெளிவந்த விடையில் 0.9 பங்கை எடுத்து, புதிய எண்ணின் 0.1 பங்கோடு கூட்டினால் அடுத்த விடை. இப்பொழுது சுமார் 740 அதிர்வுக்கு மேற்பட்டவை படிப்படியாக மெலியும். ‘ஸ’, ‘ஷ’ போன்ற உரசொலிகள் மங்கி உயிரொலிகள் எஞ்சுவதைக் காது உணரும்.

இங்கேதான் கற்போர் இடறுவர், நானும் இடறினேன். வெளிவரும் கோட்டை மீண்டும் உள்ளே இணைத்தேன், மென்பொருள் மறுத்துவிட்டது. இடையில் தாமதப் பெட்டி ஒன்றை வைத்தேன், ஏற்றுக்கொண்டது. ஆனால் குரலோ உலோகக் குழாய்க்குள் பேசுவதுபோல் முழங்கிற்று. கணக்கில் பிழை தேடியே ஒரு மாலை கழிந்தது. கணக்கில் பிழை இல்லை. பியூர் டேட்டா எண்களை ஒவ்வொன்றாக அன்றி, 64 எண்கள் கொண்ட கட்டுகளாகக் கையாள்கிறது. ஆதலின் திரும்பி வரும் விடை ஒரு படியன்று, 64 படி பிந்தி வந்து சேர்கிறது. 44,100-ஐ 64-ஆல் வகுத்தால் 689; அந்த அதிர்விலும் அதன் மடங்குகளிலும் ஒலி பெருகியதே அம்முழக்கம். சற்றுமுந்திய விடையையே தன்னுள் வைத்துக் கணக்கிடும் ‘ஆர்போல்’ என்னும் பெட்டியை இட்டதும் குறை தீர்ந்தது.

ஓர் எச்சரிக்கை. 0.9 என்னும் எண் 1-ஐத் தாண்டலாகாது. 1.01 என இட்டால் ஒவ்வொரு படியிலும் ஒலி நூற்றில் ஒரு பங்கு வளரும். நொடிக்கு 44,100 படிகள் அல்லவா? இந்த எண்ணை மாற்றுமுன் ஹெட்போனைக் கழற்றிவிடுக. ஆயத்தமாகக் கிடைக்கும் வடிப்பான் பெட்டி இவ்வெல்லையை மீற விடாது. நாமே கட்டுவதில் காவல் இல்லை.

இனி அந்த முனகலுக்கு வருவோம். எண்களை 0.99, 0.01 என மாற்றினால் சுமார் 70 அதிர்வுக்குக் கீழுள்ளவையே பெரிதும் எஞ்சும். அதனை மூல ஒலியிலிருந்து கழித்துவிட்டால் தாழ்ந்த ஒலி குறைந்து குரல் நிற்கும். ஒரு முறை வடித்தால் 50 சுழற்சி முனகல் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்காகும். மூன்று வடிப்பான்களை வரிசையாக வைத்தால் ஐந்தில் ஒரு பங்காகும். அப்பொழுது 100 அதிர்வை அண்டிய ஆடவர் குரலின் அடித்தளமும் ஏறக்குறையப் பாதியாக மெலியும். சிறுவர் குரலுக்கு அத்தொல்லை மிகக் குறைவு. அது உயர்ந்த அதிர்வில் ஒலிப்பது.