எருக்குழியும் மஞ்சட் பையும்

ஒரு குடும்பத்தின் வரவை அதன் கணக்குப் புத்தகம் காட்டும். அதன் சிக்கனத்தைக் குப்பைக் கூடையே காட்டும். நம் கூட்டுறவு அங்கத்தினர்களில் சேர்வராயன் மலைமீது காப்பியும் மிளகும் பயிரிடுவோர் உண்டு. மலையடிவாரத்துச் சேலம் வட்டாரத்தில் தறி நெய்வோரும் உண்டு. இவ்விரு சாராருக்கும் பொதுவான ஒரு விஷயத்தைப் பற்றி இம்மாதம் சில சொல்ல விரும்புகிறோம். அது வீட்டுக் குப்பை.

ஏரியும் காடும் சேர்ந்த இடமாதலின் ஏற்காடு என வழங்கும் ஊர், கடல் மட்டத்திற்குமேல் சுமார் 5,000 அடி உயரத்தில் உள்ளது. அதன் ஏரி நிரம்பி வழியும் நீரே கிளியூர் அருவியாக வீழ்கிறது. சேலம் நகரின் ஊடே சென்று காவிரியில் கலக்கும் திருமணிமுத்தாறும் இம்மலைத் தொடரில் பிறப்பதே. ஆகவே, தலைச்சோலை போன்ற மலைக் கிராமத்தில் ஓடையோரம் எறியப்பட்ட பொருள் அங்கேயே தங்கிவிடுவதில்லை. அடுத்த பெருமழையில் அது கீழே இறங்குகிறது. நகரத்தில் ஆற்றில் விடப்படும் சாயக்கழிவோ, அதற்கும் கீழேயுள்ள உழவனின் வயலை அடைகிறது. மேலிருப்பவர் செய்த பிழை கீழிருப்பவர் தலையில் விடிகிறது.

குப்பை என்று நாம் ஒரே பெயரால் அழைப்பது உண்மையில் இரண்டு பொருள்கள். ஒன்று மக்குவது, மற்றொன்று மக்காதது. தனித்தனியே இருக்கும்வரை இரண்டும் பயனுள்ளவை. கலந்துவிட்டாலோ இரண்டும் கெடுகின்றன. சோற்றோடு கலந்த பிளாஸ்டிக் உறையைப் பழைய சாமான் வாங்குபவர் தொடமாட்டார். உறையோடு கலந்த சோறு எருவுக்கு உதவாது. குரங்குகளையும் காட்டெருமைகளையும் வீட்டருகே வரவழைப்பதற்கே உதவும். எனவே ஒவ்வொரு வீட்டிலும் முதற்கண் வேண்டுவது இரண்டு கூடைகள். செலவில்லாத இச்சீர்திருத்தத்தின்மேல்தான் மற்றவை யாவும் நிற்கின்றன.

மக்கும் பொருளுக்கு உரிய இடம் எருக்குழி. ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் வேளாண் அறிஞர் 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்து, நம் நாட்டுக் குடியானவர்களின் வழக்கத்தையும் விஞ்ஞான ஆராய்ச்சியையும் இணைத்து வகுத்த முறை இன்றும் பயன்படுகிறது. மூன்றடி அகலமும் மூன்றடி ஆழமும் உள்ள குழியில் காய்ந்த சருகை ஒரு சாண் பரப்பி, அதன்மேல் காய்கறித் தோல், காப்பித் தூள் சக்கை, பச்சைத் தழை ஆகியவற்றை இட்டு, சாணக் கரைசல் தெளித்து, சிறிது மண் தூவ வேண்டும். இவ்வாறே அடுக்கடுக்காக நிரப்பலாம். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை நனைய வேண்டும், நீர் சொட்டலாகாது. அதுவே தக்க ஈரம். சில வாரங்களுக்கு ஒருமுறை கிளறினால் காற்றுப் புகுந்து துர்நாற்றம் அகலும். சமவெளியில் ஏறக்குறைய மூன்று மாதத்தில் எரு ஆயத்தமாகும்; மலையின் குளிரில் சற்றுத் தாமதமாகும். மழை நீர் புகாமலும் விலங்குகள் கிளறாமலும் குழிக்கு மூடி அவசியம். ஓடைக்கு அருகில் குழி தோண்டலாகாது.

நாளொன்றுக்கு ஒரு வீட்டில் ஒரு கிலோ சமையற் கழிவு சேர்வதாகக் கொள்வோம். ஆண்டில் அது 365 கிலோ. மக்கும்போது மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கினாலும் சுமார் 120 கிலோ எரு மிஞ்சும். நூறு வீடுகள் உள்ள கிராமத்தில் இது 12 டன். விலை கொடுத்து வாங்கி, மலைப்பாதையின் இருபது கொண்டையூசி வளைவுகளையும் கடந்து ஏற்றிவரும் உரத்தில் ஒரு பகுதியை நம் அடுக்களையே தரக்கூடும் என்பது இதனால் விளங்கும்.

காப்பித் தோட்டமுடையார்க்கு இதில் மற்றொரு கடமையும் உண்டு. பழத்தின் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் தோலும் சதையுமாகக் கழிகிறது. அதைக் குவியலாக விட்டால் புளித்து நாறும். அதன் சாறு ஓடையில் கலந்தால் நீரில் உள்ள பிராணவாயு குறைந்து மீன் முதலியன மடியும். அதையே சில்வர் ஓக் சருகோடும் சாணத்தோடும் சேர்த்து மக்கவைத்தால் தழைச்சத்தும் சாம்பற்சத்தும் நிறைந்த எருவாகிச் செடிக்கே திரும்புகிறது.

மக்காத பொருளைப் பொறுத்தவரை, அதை வீட்டுக்குள் வரவிடாமல் தடுப்பதே முதல் வழி. கொளுத்துவது வழியன்று, பிளாஸ்டிக் எரியும் புகை நஞ்சு. தமிழ்நாட்டில் ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பல 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டன. 2021 டிசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கப்பெற்றது. நம் பாட்டன்மார் கல்யாண வீட்டிலிருந்து தாம்பூலத்தோடு கொண்டுவந்த பைதான் அது. எனினும் ஒன்று சொல்ல வேண்டும். துணிப்பையும் பருத்தியும் நீரும் உழைப்பும் செலவாகி வருவதே. நூறு தடவை சந்தைக்குச் சென்று வந்தால்தான் அதற்குப் பெருமை. அலமாரியில் பத்துப் பை அடுக்கி வைப்பது சிக்கனமாகாது.

பழக்கம் மாறப் புத்திமதி மட்டும் போதுவதில்லை. சிறிது ஆதாயமும் வேண்டும். நீலகிரி மாவட்டத்தில் காட்டோரம் எறியப்பட்ட மதுப்புட்டிகள் உடைந்து விலங்குகளின் காலைக் கிழித்து வந்தன. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதன்பேரில், 2022இல் புட்டிக்கு 10 ரூபாய் அதிகமாகப் பெற்று, காலிப் புட்டியைக் கொணர்ந்தவர்க்கு அதைத் திருப்பித் தரும் ஏற்பாடு அங்கே வந்தது. பெரும்பாலான புட்டிகள் திரும்பின. எறியும் பொருளுக்கு ஒரு விலை இருந்தால் எறியும் கை தயங்குகிறது.

இம்மூன்றையும் நம் சங்கங்கள் எளிதில் கைக்கொள்ளலாம். பண்டகசாலையில் எண்ணெய் வாங்க வருவோர் சொந்தப் பாத்திரம் கொணரட்டும். சாக்குக்கும் டின்னுக்கும் முன்பணம் பெற்றுத் திருப்பித் தரலாம். மலைச் சங்கத்துக்கு வேண்டிய பைகளை அடிவாரத்து நெசவாளர் சங்கமே நெய்து தைத்துக் கொடுத்தால், பிளாஸ்டிக் உறைக்குப் போகும் காசு தறிக்குப் போகும். சாயமிடுவோர் தனித்தனியே செய்ய இயலாத கழிவுநீர்ச் சுத்திகரிப்பையும் கூட்டாகவே செய்ய இயலும்.

இவ்வேலைகள் யாவும் வீட்டுப் பெண்கள் தலையிலேயே விழும் என்று சிலர் கருதலாம். அவ்வாறு விழ விடலாகாது. கூடையைப் பிரிப்பது அடுக்களைக் காரியமானால், குழியைக் கிளறுவது ஆடவர் காரியமாகட்டும்.

தஞ்சையில் பிறந்து காந்தியடிகளுடன் கிராமக் கைத்தொழிலுக்காக உழைத்த ஜே. சி. குமரப்பா அவர்கள், எடுக்க எடுக்கக் குறையும் பொருளை நம்பிய வாழ்வு நிலையற்றது என்றும், எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் வாழ்வே நிலைப்பது என்றும் விளக்கினார். கடன் வாங்கிய அங்கத்தினர் தவணை தவறாமல் திருப்பிச் செலுத்துவதன்மேல் நம் சங்கங்கள் நிற்கின்றன. மண்ணிடமும் நாம் கடன் பெற்றவர்களே. அதன் தவணையை வரும் மழைக்காலத்திற்குமுன், வீட்டுக்கு ஒரு குழியாகச் செலுத்தத் தொடங்குவோமாக.