பச்சையில் இருந்தாலும் கோடு ஏற வேண்டும்

பாஞ்சாலங்குறிச்சி வட்டாரக் கரிசல் ஊர்களில் பால்வாடியில் பிள்ளையை எடை போடுவது பழகிப்போன காரியம். அந்த எடையைப் புள்ளியாக வைத்து இழுக்கும் கோடு, யாருக்கு எப்போது உணவு தரவேண்டும் என்ற அரசின் கணக்கையே ஒரு காலத்தில் மாற்றியது.

கோடு என்ன சொல்கிறது?

வளர்ச்சி அட்டையில் கீழே வயது, பக்கவாட்டில் எடை. பச்சை இயல்பு, மஞ்சள் எடைக்குறைவு, ஆரஞ்சு கடும் எடைக்குறைவு. ஒரு பெண் குழந்தை 10, 11, 12 ஆகிய மூன்று மாதங்களிலும் 8 கிலோவிலேயே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று புள்ளிகளும் பச்சைக்குள்தான். பார்வைக்குப் பிள்ளை நன்றாகவே இருக்கும். ஆனால் கோடு ஏறவில்லை. வயிற்றுப்போக்கோ, போதாத உணவோ வளர்ச்சியைத் தடுத்திருக்கலாம். மெலிவு கண்ணுக்குத் தெரியும் முன்பே அட்டை காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இந்த யோசனை யாருடையது?

எண்களைப் படமாக்கிக் காட்டுவது பழைய யோசனை. கிரீமியப் போரில் காயத்தைவிட நோய்க்கே அதிக வீரர்கள் பலியானதை ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1858இல் வண்ண வரைபடமாக்கி, ஆட்சியாளர்களிடம் சுகாதாரச் சீர்திருத்தம் கேட்டார். பின்னாளில், குழந்தையின் வளர்ச்சி அட்டையைத் தாயின் கையிலேயே கொடுக்கும் முறையை நைஜீரியாவில் பணியாற்றிய மருத்துவர் டேவிட் மோர்லி வளர்த்தெடுத்தார்.

தமிழ்நாட்டில் என்ன நடந்தது?

1980இல் உலக வங்கிக் கடனுதவியுடன் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. மதுரை மாவட்டமும், சாத்தூர், விருதுநகர் கரிசல் பகுதிகள் அன்று அடங்கியிருந்த ராமநாதபுரம் மாவட்டமும் அதில் இருந்தன. சுமார் 1,500 பேருக்கு ஒரு மையம். அதில் உள்ளூர்ப் பெண் ஒருவர் பணியாளர். 6 முதல் 36 மாதக் குழந்தைகளுக்கு மாதந்தோறும் எடை பார்த்தார்கள். வளர்ச்சி தளர்ந்த பிள்ளைக்குக் குறைந்தது 90 நாள் சத்துருண்டை, தாய்க்கு ஆலோசனை, தேவைப்பட்டால் மருத்துவம். தேறியதும் உணவு நிறுத்தப்பட்டது. 1989இல் முதல் கட்டம் முடிந்தபோது, கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்ததாக மதிப்பீடுகள் கூறின. உணவும் மருத்துவமும் செய்த வேலை அது. யாருக்கு, எப்போது என்று காட்டியது கோடு.

இப்போது?

2021 முதல் எடை விவரம் ‘போஷன் டிராக்கர்’ செயலியில் ஏறுகிறது. மேலதிகாரிகளுக்கு அது உடனே தெரிவது நல்லது. ஆனால் பிள்ளைக்குச் சோறூட்டுபவர் தாய். களையெடுப்புக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் ஓடும் அவர் அந்தக் கோட்டைப் பார்க்காவிட்டால், செயலியில் ஏறிய எண்ணால் பிள்ளைக்கு என்ன பயன்? எடை போட்டதும் அட்டையை வாங்கிப் பாருங்கள். “போன மாதத்தைவிடக் கோடு ஏறியிருக்கிறதா?” என்று கேளுங்கள். ஏறவில்லை என்றால், அடுத்த மாதம் வரை காத்திருக்காமல் கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் காட்டுங்கள்.