சமன் அராபும் புள்ளி அந்தும்

கல்முனைக் கடற்கரையில் புல்லுக்கு மேல் தாழப் பறந்து, நாலடி தள்ளி மறுபடி அமரும் வெள்ளைப் பூச்சியை அநேகர் வண்ணத்துப்பூச்சி என்றே நினைக்கிறார்கள். அது பகலில் பறக்கும் அந்துப்பூச்சி. உதெத்தீசா பேரினத்தைச் சேர்ந்தது. குனிந்து பாருங்கள்: வெண்ணிற முன்சிறகில் சிவப்பும் கறுப்புமாகப் புள்ளிகள், நூல் போன்ற உணர்கொம்பு, அமர்ந்ததும் உடலோடு ஒட்டிக்கொள்ளும் சிறகு. இதன் மயிர்க்கொட்டி கிலுகிலுப்பை, தேட்கொடுக்குச் செடிகளைத் தின்று அவற்றின் நஞ்சை உடலில் சேர்த்துக்கொள்கிறது. வளர்ந்த அந்திலும் அந்த நஞ்சு தங்கியிருக்கும். பறவைகள் பெரும்பாலும் இதைத் தீண்டுவதில்லை. பட்டப்பகலில் ஒளியாமல் பறக்கும் துணிச்சல் அதனால் வந்தது.

ஏறக்குறைய இதே அளவுள்ள சமன் அராப் என்ற வண்ணத்துப்பூச்சியோ காண அரியது. 1775இல் பூச்சியியலாளர் பப்ரீசியஸ் இதற்கு அறிவியற் பெயரிட்டார். ஆணின் சிறகு இளஞ்சிவப்பு, ஓரமெங்கும் கறுப்பு. பெண்களில் சில வெள்ளையாகவே இருக்கும், குழப்பம் அங்கேதான். அப்போது உணர்கொம்பின் நுனியைக் கவனியுங்கள். வண்ணத்துப்பூச்சிக்கு அது குமிழாகத் தடித்திருக்கும். ஓய்வில் சிறகுகள் முதுகுக்கு மேல் சேர்ந்து நிற்கும்.

இதன் புழு முக்கியமாக உண்பது உகாய் மரத்தின் இலையை. வுளூவின்போது பல் துலக்க நாம் எடுக்கும் மிஸ்வாக் குச்சி தரும் அதே மரம். மன்னார் போன்ற வறண்ட கரைகளில் உகாய் நிற்கிறது. இப்பூச்சியும் அதைச் சார்ந்தே வாழ்கிறது. பற்றை என்று வெட்டுமுன் உகாய் இருக்கிறதா என்று பாருங்கள். கன்று கிடைத்தால் கடற்கரை மணலிலேயே நடலாம். உவர்ப்பையும் வறட்சியையும் தாங்கும்.