மாற்று வட்டில் மீளும் செய்திகள்

வங்கியிலும் மருத்துவமனையிலும் இரவுபகலாக இயங்கும் கணிப்பொறிகளின் செய்திகள் பெரும்பாலும் சுழலும் வட்டுகளில் காந்தக் குறிகளாகப் பதிந்திருக்கின்றன. வட்டும் ஓர் இயந்திரமே. என்றேனும் ஒரு நாள் அது நின்றுவிடும். நின்றதைக் கழற்றி எறிந்துவிட்டு, எதுவும் எழுதப்படாத புதிய வட்டைப் பொருத்துகிறார்கள். சில மணி நேரம் சென்றபின், பழைய வட்டில் இருந்தவை அனைத்தும் புதியதில் இருக்கின்றன! எங்கிருந்து வந்தன?

அமெரிக்காவில், பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் 1988ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். விலையுயர்ந்த பெரிய வட்டு ஒன்றுக்குப் பதிலாக, மலிவான சிறு வட்டுகள் பலவற்றை இணைத்து ஒன்றாக நடத்தலாம் என்பது அவர்கள் வாதம். இவ்வமைப்புக்கு ரெய்டு என்று பெயரிட்டனர். வட்டுகள் பெருகினால் அவற்றுள் ஏதேனும் ஒன்று பழுதாகும் வாய்ப்பும் பெருகுமன்றோ? அதற்குரிய பரிகாரம் எளிய கணக்கில் இருக்கிறது.

மூன்று வட்டுகளில் முறையே 7, 5, 8 என்னும் எண்கள் உள்ளன என்று கொள்வோம். நான்காவதில் அவற்றின் கூட்டுத்தொகையான 20ஐ எழுதிவைப்போம். இரண்டாவது வட்டு அழிந்தால், 20இலிருந்து 7ஐயும் 8ஐயும் கழியுங்கள். இழந்த 5 கிடைத்துவிடும். கணிப்பொறி 1, 0 என்னும் இரண்டே இலக்கங்களைக் கையாளுவதால், கூட்டுவதற்குப் பதிலாக 1களின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்று மட்டும் குறித்துக்கொள்கிறது. மற்றபடி தத்துவம் ஒன்றே.

ஆகவே இது படியெடுத்தல் அன்று, கணக்கிட்டு வருவித்தல். இங்கேதான் அபாயமும் இருக்கிறது. எஞ்சிய வட்டுகள் அனைத்தையும் முதலிலிருந்து முடிவு வரை படித்தாக வேண்டும். 12 டெராபைட் கொள்ளும் வட்டை நொடிக்கு 200 மெகாபைட் வீதம் நிரப்பினாலும் 60,000 நொடிகள், அதாவது ஏறத்தாழ 17 மணி நேரம் ஆகும். இடையில் வங்கி வேலையும் நின்றுவிடாதே. அதனால் காலம் இன்னும் நீளும். அந்நேரத்தில் இன்னொரு வட்டும் நின்றால், 20இலிருந்து 7ஐக் கழித்த 13 மட்டுமே கையில் மிஞ்சும். அது 5ம் 8மா, 6ம் 7மா என்று யாரால் சொல்ல முடியும்? ஒரே நாளில் வாங்கப்பட்டு, ஒரே அளவு உழைத்த வட்டுகள் அடுத்தடுத்துப் பழுதாவது வியப்பன்று. இது கருதியே, தனித்தனி முறையில் கணித்த இரண்டு சரிபார்ப்பு எண்களை வைக்கும் ஆறாம் வகை ரெய்டு வழக்கிற்கு வந்தது. அதில் எந்த இரண்டு வட்டுகள் போனாலும் செய்தி பிழைக்கும்.

மனிதர் கையால் நேரும் பிழை வேறு. பழுதான வட்டென்று எண்ணி, பக்கத்திலிருந்த நல்ல வட்டை உருவிவிடுவதுண்டு. தவறுதலாக அழித்த கோப்பையும் ரெய்டு மீட்டுத் தராது. அழித்ததையே அது உண்மையென்று ஏற்று, கூட்டுத்தொகையைத் திருத்திவிடும். அனுபவமிக்க பணியாளர், செய்திகளின் தனிப்பிரதி வேறிடத்தில் பத்திரமாக உள்ளதா என்று முதலில் பார்ப்பார். பிறகு வட்டின் மேலொட்டிய வரிசை எண்ணைத் திரையில் காணும் எண்ணோடு இருமுறை ஒப்பிடுவார். அதன்பின்னரே வட்டின் மீது கை வைப்பார்.