நீலக்கண் குட்டிக்கு முன்பணம் கொடுக்கும் முன்

எங்கள் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் ஒரு ஹஸ்கி இருக்கிறது. போன வருடம் மே மாதம், மதியம் இரண்டு மணிக்குக் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் படிக்கட்டு விளக்குக்கும் மட்டும்தான். முக்கால் மணி நேரம் கழித்து அந்த வீட்டு அக்கா பதறிக்கொண்டு என் கதவைத் தட்டினார். போய்ப் பார்த்தால், நாய் குளியலறைத் தரையில் வயிறு ஒட்டக் கிடக்கிறது. ஒரு பக்கமாகத் தொங்கிய நாக்கின் ஓரம் கத்தரிப்பூ நிறம். எச்சில் நூல்நூலாக வழிகிறது. எழுந்து நிற்கப் பார்த்துக் கால் பின்னி மறுபடி விழுந்தது.

"காலையில நல்லாத்தான் சாப்ட்டான் தம்பி" என்று சொல்லிக்கொண்டே அக்கா ஈரத் துண்டை அதன் மேல் போர்த்தினார். போனில் கால்நடை மருத்துவர் சத்தம் போட்டார்: "துண்ட எடுங்க மொதல்ல. போர்த்தினா சூடு உள்ளயே நிக்கும். தண்ணிய ஊத்திக்கிட்டே இருங்க, விசிறுங்க." வயிறு, அக்குள், தொடை இடுக்கு, பாதம் என்று குழாய்த் தண்ணீரை மொண்டு ஊற்றினோம். அக்காவின் மகன் பரீட்சை அட்டையால் விசிறினான். பிறகு காரில் ஏசியை முழுசாக வைத்து மருத்துவமனைக்கு ஓடினோம். பிழைத்தது.

குட்டியை விற்ற அன்றைக்கு விற்றவர் அக்காவிடம் சொன்னது ஒரே வரி: "ஏசி போட்டா போதும் மேடம்."

ஏசி போதாது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி மூச்சிரைத்து, நாக்கின் ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டை வெளியேற்றும். சென்னை மாதிரி கடலோர ஊரில் காற்றே ஈரமாக இருப்பதால் நாக்கில் ஈரம் காய்வதில்லை. நாய் இரைத்து இரைத்துக் களைத்துப்போகும். வழக்கமாக 38, 39 டிகிரி இருக்கும் அதன் உடம்புச் சூடு 41ஐத் தாண்டினால் குடல், சிறுநீரகம், மூளை எல்லாம் அடிவாங்கும். முடியை மழித்துவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் மெஷினைத் தூக்குகிறார்கள். செய்யாதீர்கள். ஹஸ்கிக்கு இரட்டை முடி: அடியில் பஞ்சு, மேலே நீண்ட முரட்டு முடி. மேல்முடி வெயிலையும் தடுக்கிறது. மழித்தால் தோல் நேரடியாகச் சுடுபடும், திரும்ப முளைப்பதும் திட்டுத்திட்டாக முளைக்கும். செய்ய வேண்டியது தினமும் சீவி அடிப்பஞ்சை எடுப்பது. வருடத்துக்கு இரண்டு முறை அது கொத்துக்கொத்தாகக் கழலும். அந்த வாரங்களில் சாம்பார்க் கிண்ணத்திலும் முடி மிதக்கும்.

வெயில் பாதிக் கதைதான். குணம் மீதிக் கதை. ரஷ்யாவின் வடகிழக்கு மூலையில், சைபீரியாவின் கடைக்கோடியில் சுக்சி மக்கள் பனிச்சறுக்கு வண்டி இழுக்க வளர்த்த நாயின் வாரிசு இது. 1908, 1909 வாக்கில் பந்தயத்துக்காக அலாஸ்காவுக்குப் போனது. 1925 குளிர்காலத்தில் அங்கே நோம் என்ற ஊரில் தொண்டை அடைப்பான் பரவியபோது, மருந்தை ஏறக்குறைய 1,085 கிலோமீட்டர் தூரம் பனிமேல் கொண்டு சேர்த்தவை 20 வண்டிக்காரர்களும் சுமார் 150 நாய்களும். ஆன நேரம் ஐந்தரை நாள். அந்த ஓட்டத்தில் முன்னால் ஓடிய டோகோ, பால்டோ என்ற நாய்களின் பெயர்களை நாய்ப் பிரியர்கள் இன்றும் சொல்வது அதனால்தான்.

அந்த வேலைக்குத் தேவைப்பட்டதெல்லாம் நம் வீட்டில் தொல்லையாகிறது. ஓடுவது அதன் தொழில். வராந்தாவில் பத்து நிமிட நடை அதற்கு ஒரு கொட்டாவி. முன்னால் ஓடும் நாய், பனிக்கட்டி மெலிந்திருந்தால் வண்டிக்காரன் அதட்டினாலும் நகரக் கூடாது. அதனால் சொன்ன பேச்சைக் கேட்காமல் யோசிக்கும் புத்தி அதன் ரத்தத்தில் உண்டு. "வா" என்றால் வருமா என்பது அதன் இஷ்டம். கூட்டமாக வாழ்ந்த பிராணி, தனியே பூட்டிவிட்டு ஆபீஸ் போனால் சோபாவைப் பஞ்சாக்கும், இல்லையென்றால் ஊளையிடும். குரைப்பதைவிட ஊளைதான் அதன் பாஷை. ஊளையை அபசகுனமாக நினைக்கும் ஊரில் இதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. ஆறடிச் சுவரை ஏறித் தாண்டும், முடியாவிட்டால் அடியில் தோண்டும். கோழி, பூனை, ஆட்டுக்குட்டி கண்ணில் பட்டால் பெல்ட் அறுந்துபோகிற இழுப்பு. காவலுக்கு வைத்திருக்கிறேன் என்று யாராவது சொன்னால் சிரிப்பு வரும். திருடன் வந்தால் வாலாட்டி வரவேற்கும் இனம் இது.

பெண்டாட்டி பிள்ளைகளோடு கடைக்குப் போய், நீலக் கண்ணைப் பார்த்து மயங்கி, அங்கேயே ஜிபே பண்ணுகிறவர்தான் அதிகம் ஏமாறுகிறார். சட்டம் வாங்குகிறவருக்குக் கொடுத்திருக்கும் உரிமைகளில் பெரும்பாலானவை பணம் கைமாறும் முன் கேட்க வேண்டியவை.

2017இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்கம், விற்பனை விதிகளின்படி, குட்டி போட வைத்து விற்கும் எவரும் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. குட்டிக்கு மைக்ரோசிப் இருக்க வேண்டும், தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். என்ன தீனி, எந்தத் தேதியில் குடற்புழு மருந்து, எந்தத் தேதியில் ஊசி என்பதையெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். "கேசிஐ பேப்பர் இருக்கு சார்" என்பது இதற்குப் பதில் ஆகாது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்று வம்சாவளியைச் சொல்லும், ஆரோக்கியத்தைச் சொல்லாது. எட்டு வாரம் என்றால் ஏறக்குறைய 28 பால்பற்களும் முளைத்திருக்கும். வாயைத் திறந்து பாருங்கள். தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடலாம். ஹஸ்கியில் இளம் வயதிலேயே கண்புரை வருவதுண்டு, துத்தநாகச் சத்துக் குறையால் முகத்தில் தோல் உரிவதும் உண்டு. பெற்றோர் நாய்களின் கண்ணைச் சோதித்த காகிதம் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல.

இன்னொன்று. தமிழக அரசு 2024இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் வெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று சில இனங்களைப் பட்டியலிட்டு, அவற்றை இங்கே குட்டி போட வைக்கக் கூடாது என்றது. அதில் ஹஸ்கி உண்டு. அதை எதிர்த்து விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. நீங்கள் வாங்கும் நாளில் நிலவரம் என்ன என்று கால்நடைப் பராமரிப்புத் துறையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இந்தக் கொள்கையையும், அதே ஆண்டு மத்திய அரசு 23 மூர்க்க இனங்களைப் பற்றி அனுப்பிய சுற்றறிக்கையையும் பக்கத்து வீட்டார் போட்டுக் குழப்புவார்கள். அந்த 23இல் ஹஸ்கி இல்லை. அந்தச் சுற்றறிக்கையையே கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

வாங்கி நான்காம் நாள் குட்டி ரத்தமாகக் கழிந்து சுருண்டுவிட்டால்? பார்வோ வைரஸ் உள்ளே போய் நோயாக வெளிப்பட பொதுவாக மூன்று முதல் ஏழு நாள் ஆகும். நான்காம் நாளே படுத்தது என்றால், விற்ற இடத்திலேயே தொற்றியிருக்க வாய்ப்பு அதிகம். மருத்துவரிடம் பரிசோதனை முடிவைத் தேதியோடு எழுதி வாங்குங்கள். இறந்துவிட்டால் பிரேதப் பரிசோதனை கேளுங்கள். ரசீது, பணம் அனுப்பிய பதிவு, வாட்ஸ்அப் பேச்சு, விளம்பரப் படம் எதையும் அழிக்காதீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. கெடு இரண்டு வருடம். முதலில் நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் பேசிப் பார்க்கலாம். அக்காவிடம் இருந்ததோ ஒரு ஊசி அட்டை மட்டும். அதிலும் மருத்துவர் கையெழுத்து இல்லை, ஸ்டிக்கர் மட்டும்தான். ரசீது கேட்டபோது விற்றவர் அக்காவின் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

அடுக்ககச் சங்கங்கள் விஷயத்துக்கு வருவோம். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பொதுக்குழுவில் பெரும்பான்மை வாக்கெடுத்தாலும் வளர்ப்பு நாய்க்குத் தடை போட முடியாது. லிஃப்டில் ஏற்றாதே என்றும் சொல்ல முடியாது. இதைச் சங்கத் தலைவரிடம் சொல்லிவிட்டு, நாய் போன இடத்தைக் கழுவாமல் வருகிறவருக்கு என் ஆதரவு கிடையாது. உரிமத்தை மறக்காதீர்கள். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம். வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று இல்லாமல் அது கிடைக்காது. உங்கள் அலட்சியத்தால் நாய் யாரையாவது கடித்து வைத்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு உங்கள்மேல் பாயலாம்: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கடிபட்டவர் காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனை போக வேண்டும். "ஊசி போட்ட நாய்தான்" என்ற உத்தரவாதத்தை நம்பி உட்காரக் கூடாது.

நாய்க்கும் உரிமை உண்டு. 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாயை ஓடியாட விடாமல் இருப்பதே வதை என்கிறது. ஹஸ்கி வளர்ப்பவரில் பாதிப்பேர் இதில் மாட்டுவார்கள். பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி தெருவில் விட்டுவிட்டுப் போவதும் அதே பிரிவில் குற்றம். முதல் முறை என்றால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை! அச்சுப்பிழை இல்லை, பல பத்தாண்டுகளாக அதே தொகை. அப்படி விடப்படும் ஹஸ்கி தெரு நாய்களோடு மோதத் தெரியாமல், உண்ணிக் காய்ச்சல் கண்டு சீக்கிரம் செத்துப்போகும். வைத்துக்கொள்ள முடியவில்லை என்றால் விற்றவரிடம் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் புளூ கிராஸ் போன்ற அமைப்புகளிடம் தத்துக்கு ஆள் தேடித் தரும்படி கேளுங்கள். கிடைக்கும் வரை நாய் உங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும். ஊட்டியில் தோட்டம் வைத்திருக்கும் சித்தப்பாவிடம் தள்ளிவிட நினைப்பவர்கள், அங்கே கோழி இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் மாடி ஹஸ்கிக்கு இப்போது நாலு வயது. ஏசியும் சேர்ந்து ஓடுகிற மாதிரி பெரிய இன்வெர்ட்டர் வாங்கியிருக்கிறார்கள். ஆன செலவு நாயின் விலையைவிட அதிகம். விடிகாலை நாலேகாலுக்கு லிஃப்ட் இறங்கும் சத்தம் கேட்டால் அக்காவும் அதுவும்தான். ஆறு மணிக்குள் ஓட்டத்தை முடித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். சனிக்கிழமை மட்டும் முறை அக்காவின் மகனுடையது.